வானம் பொய்த்தால் சாவு எப்போது வரும்?

கடுங்குளிர் அதிகம் கொல்லுமா, கடும் வெயில் அதிகம் கொல்லுமா? இங்கிலாந்து மாதிரியான குளிர்நாட்டைப் பற்றி இப்படிக் கேட்டால், யோசிக்காமல் குளிர் என்றுதான் சொல்வோம். தொழிற்புரட்சிக்கு முந்தைய இங்கிலாந்தின் சாவுக் கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. ரிக்லி, ஸ்கோஃபீல்டு என்ற இரண்டு மக்கள்தொகை வரலாற்று அறிஞர்கள் 404 ஊர்களின் தேவாலயப் பதிவேடுகளைத் திரட்டி, 1541 முதல் 1871 வரை அந்த நாட்டில் எத்தனை பேர் பிறந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கிட்டு 1981-இல் வெளியிட்டார்கள். அந்தத் தரவைப் பழைய வெப்பநிலைப் பதிவுகளோடு வைத்துப் பார்த்தவர் ரொனால்ட் லீ என்ற மக்கள்தொகை ஆய்வாளர். குளிர்காலம் வழக்கத்தைவிட ஒரு டிகிரி செல்சியஸ் இதமாக இருந்தால் அந்த வருட இறப்பு சுமார் 2 சதவீதம் குறைந்தது. கோடை ஒரு டிகிரி தணிந்திருந்தால் சுமார் 4 சதவீதம் குறைந்தது. அதாவது ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி என்று பார்த்தால், வெயிலின் அடிதான் இரண்டு மடங்கு.

அதைவிட முக்கியமான இன்னொரு விஷயமும் அந்தக் கணக்கில் இருக்கிறது. குளிர் அடித்தால் அந்த மாதமே, இல்லாவிட்டால் அடுத்த மாதம், சாவு கூடியது. வெயில் அடித்தால் சாவு ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது. மழையும் பனியும் பயிரைக் கெடுத்த வருடங்களில் இடைவெளி இன்னும் நீளம்: ஆறு மாதம், ஒரு வருடம், சில இடங்களில் அதற்கும் மேல். வானிலை கெட்ட நாளும் மனிதர் செத்த நாளும் ஒன்றாக இருந்தது குறைவு. பழைய சமூகங்களில் வானிலை எப்படிக் கொன்றது என்று புரிந்துகொள்ள, இடையில் கடந்த அந்த மாதங்களில் என்ன நடந்தது என்று பார்ப்பதுதான் நல்ல வழி என்று நினைக்கிறேன். யார் பிழைத்தார்கள், யார் செத்தார்கள் என்பது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் முடிவானது.

முதலில், இதெல்லாம் எப்படித் தெரியும்? இங்கிலாந்தில் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிய வேண்டும் என்று 1538-இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டார். மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலை 1659-இலிருந்து மாதவாரியாகக் கிடைக்கிறது; கருவி கொண்டு அளந்த வெப்பநிலை வரிசைகளில் உலகிலேயே நீண்டது அதுதான். சுவீடன் 1749-இல் நாடு முழுவதற்குமான மக்கள்தொகைக் கணக்கைத் தொடங்கியது. வயது, இறப்புக் காரணம் எல்லாவற்றையும் பாதிரியார்கள் அட்டவணை போட்டு அனுப்ப வேண்டும். ஜப்பானில் புத்தக் கோவில்கள் இறந்தவர் பெயரையும் தேதியையும் எழுதிவைத்தன. வெப்பமானியே இல்லாத காலத்துக்குக்கூட வழி உண்டு. பிரான்சில் திராட்சை அறுவடையை எந்த நாளில் தொடங்குவது என்று ஊர்கூடி முடிவு செய்து எழுதிவைத்தார்கள். கோடை சூடாக இருந்தால் பழம் சீக்கிரம் பழுக்கும். பர்கண்டிப் பகுதியின் போன் என்ற நகரத்தில் இந்தத் தேதிகள் 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே தொடர்ச்சியாக இருக்கின்றன.

இந்தப் பதிவேடுகளை அப்படியே நம்பிவிடவும் முடியாது. தேவாலயம் எழுதியது அடக்கம் செய்த தேதியை, இறந்த தேதியை அல்ல. வட ஐரோப்பாவில் மண் கல்லாக உறைந்து கிடக்கும்போது குழி தோண்ட முடியாது; பனி உருகும்வரை உடல்கள் காத்திருக்கும். ஏட்டை மட்டும் பார்த்தால் வசந்தத்தில் திடீரென்று சாவு கூடியதுபோலத் தெரியும். ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்த சிசு பல ஊர்களில் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. குளிரும் வெயிலும் முதலில் தொட்டது அவர்களைத்தான். எனவே நமக்குக் கிடைக்கும் எண்கள் உண்மையைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

சரி, குளிர் எப்படிக் கொன்றது? வெட்டவெளியில் உறைந்து செத்தவர்கள் எல்லாக் குளிர்காலத்திலும் இருந்தார்கள், ஆனால் எண்ணிக்கையில் அவர்கள் சிறு பகுதி. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் கூடுகிறது, ரத்தம் தடிக்கிறது, இதயம் திணறுகிறது. மூச்சுக்குழாயில் சளி கட்டி அது நிமோனியாவில் முடிகிறது. லண்டனின் பழைய இறப்புப் பட்டியல்களை வயதுவாரியாகப் பார்த்தால், கடும் குளிர்காலத்தில் முதியவர்களின் சாவுதான் தூக்கலாகத் தெரியும்.

இன்னொரு வழி வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. விறகு விலை ஏறிய குளிர்காலத்தில் ஏழைக் குடும்பங்கள் ஒரே அறையில், ஒரே அடுப்பைச் சுற்றி நெருக்கியடித்துப் படுத்தன. இருந்த துணி எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டார்கள்; வாரக்கணக்கில் கழற்றவில்லை, துவைக்கவில்லை. துணி மடிப்பில் வாழும் சீலைப்பேனுக்கு இதைவிட வசதி வேறில்லை. அந்தப் பேன்தான் டைபஸ் காய்ச்சலைப் பரப்பியது. குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும் டைபஸ் உச்சத்துக்குப் போனதற்கு இதுதான் காரணம். காற்றின் குளிர் யாருக்கும் டைபஸ் தரவில்லை; மாற்றுத் துணி இல்லாததும் தனி அறை இல்லாததும்தான் தந்தன. ஆனால் குளிர் இல்லாவிட்டால் அத்தனை பேர் அப்படி ஒட்டிக்கிடந்திருக்க மாட்டார்கள்.

குளிரில் மிக மோசமாக அடிவாங்கியவர்கள் பச்சிளங்குழந்தைகள். வடகிழக்கு இத்தாலியின் வெனிட்டோப் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டுவரை குளிர்காலத்தில் பிறந்த குழந்தைகள் முதல் மாதத்திலேயே இறப்பது, கோடையில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டால், பல மடங்கு அதிகம். அதைவிடக் குளிரான நாடுகளில்கூட அப்படி ஒரு நிலை இல்லை. பிறந்த சில நாட்களுக்குள் குழந்தையை எடுத்துக்கொண்டு பனியில் நடந்து, கணப்பு இல்லாத தேவாலயத்துக்குப் போய் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். குழந்தையோ எடை குறைந்து பிறந்தது. சோளக்கூழை மட்டுமே தின்று வளர்ந்த தாயின் வயிற்றில் வளர்ந்தது. பிறந்த உடம்புக்குத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி கிடையாது. குழந்தை ஞானஸ்நானம் இல்லாமல் செத்துவிடக் கூடாதே என்ற தவிப்பில்தான் பெற்றோர் அந்தக் குளிரில் நடந்தார்கள் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் இந்த வழக்கத்தையும், தாயின் சத்துக்குறைவையும், வீட்டின் குளிரையும் சேர்த்தே காரணமாகப் பார்க்கிறார்கள். எது எவ்வளவு என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது.

கோடையின் வேலை வேறு. அது வயிற்றின் வழியாக வந்தது. வெயிலில் ஈ பெருகும், கிணறும் ஓடையும் வற்றும், அடியில் தேங்கிய கொஞ்ச நீரில் எல்லாக் கழிவும் திரண்டு நிற்கும், சமைத்தது சீக்கிரம் கெடும். அப்போது வருவது வயிற்றுப்போக்கும் சீதபேதியும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்தது. பால்குடி மறக்கும் வயதில், தண்ணீரும் கூழும் தொடங்கும் நேரத்தில், கோடை வந்துவிட்டால் ஆபத்து. அதுவும் அறுவடைக் காலம்; தாய் நாள் முழுக்க வயலில் நிற்பாள், பால் கொடுக்க நேரம் இருக்காது. மத்தியதரைக்கடல் நாடுகளில் சின்னக் குழந்தைகளின் சாவு கோடைக் கடைசியில் உச்சம் தொட்டதற்கு இதெல்லாம் சேர்ந்ததுதான் காரணம். பிரான்சில் 1718, 1719 இரண்டு வருடமும் கோடை கொளுத்தியது. பஞ்சம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் வழக்கத்தைவிட நான்கு லட்சம் பேருக்கு மேல் கூடுதலாக இறந்தார்கள். பெரும்பாலும் சீதபேதி, பெரும்பாலும் குழந்தைகள். இந்தச் சாவுகளைப் பற்றி வரலாற்றுப் பாடங்களில் நாம் படித்ததே இல்லை. பஞ்சத்துக்குப் பெயர் வைத்து நினைவில் வைத்துக்கொள்ளும் சமூகங்கள், குழந்தைகள் கொத்துக்கொத்தாகச் செத்த ஒரு கோடையை ஏனோ மறந்துவிடுகின்றன.

சதுப்பு நிலங்களின் கதையையும் இங்கேயே சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் கென்ட், எசெக்ஸ் கடலோரத் தாழ்நிலங்களில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் மலேரியா இருந்தது. அங்கே பிறந்த குழந்தைகளில் கால்வாசி முதல் வருடத்தைத் தாண்டவில்லை. சில மைல் தள்ளி மேட்டுநிலத்து ஊர்களில் பத்துக்கு ஒன்று என்ற அளவுதான். ஒட்டுண்ணி கொசுவின் உடம்பில் வளர ஓரளவு சூடு வேண்டும் என்பதால், கோடை சுட்டெரித்த வருடங்களில் அந்தச் சதுப்பு ஊர்களின் அடக்கக் கணக்கு தனியாக எகிறியது. 1720-களில் அந்தப் பக்கம் சுற்றிய எழுத்தாளர் டேனியல் டெஃபோ, பத்துப் பதினைந்து மனைவிகளை அடுத்தடுத்து இழந்த ஆண்களைப் பற்றி ஊர்க்காரர்கள் சொன்னதை எழுதிவைத்திருக்கிறார். மேட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களுக்கு அந்தக் காய்ச்சலைத் தாங்கும் பழக்கம் இல்லை. கதையில் மிகை உண்டு, ஆனால் அடிப்படை பொய்யில்லை.

இனி பயிர் வழியாக வந்த சாவு. இதற்கு ஒரு எளிய கணக்கைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. பழைய ஐரோப்பிய விவசாயத்தில் ஒரு மூட்டை விதைத்தால் நான்கு மூட்டை கிடைப்பது பல இடங்களில் சாதாரணம். நான்கில் ஒன்றை அடுத்த விதைப்புக்கு எடுத்துவைக்க வேண்டும். மிச்சம் மூன்று. விளைச்சல் கால்வாசி குறைந்தால் கையில் வருவது மூன்று. விதை போக இரண்டு. அதாவது விளைச்சல் குறைந்தது 25 சதவீதம், சாப்பாடு குறைந்தது 33 சதவீதம். விளைச்சல் பாதியானால் சாப்பாடு மூன்றில் ஒரு பங்காகிவிடும். குத்தகை, திருச்சபைக்குப் பத்தில் ஒன்று, வரி எல்லாம் இதற்கு மேல். விதைக்கு வைத்ததையே சாப்பிட்டால் இந்த வருடம் பிழைக்கலாம், அடுத்த வருடம் விதைக்க ஒன்றும் இருக்காது. ஒரு வருடம் பொய்த்தால் கடன், நகை, மாடு என்று எதையாவது விற்றுத் தாங்கிவிடுவார்கள். தொடர்ந்து இரண்டு வருடம் பொய்த்தால் விற்க ஒன்றும் மிச்சமிருக்காது.

இது எப்படி நடந்தது என்று மாதம் மாதமாகப் பார்க்க, 1709-ஆம் வருடத்துப் பிரான்ஸைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. ஜனவரி 5-ஆம் தேதி இரவு தொடங்கி ஓரிரு நாளில் வெப்பநிலை செங்குத்தாக விழுந்தது. ஆறுகள் உறைந்தன. தெற்கே ஆலிவ் மரங்களும் மற்ற இடங்களில் வால்நட் மரங்களும் பட்டுப்போயின. ஆனால் கோதுமையைக் கொன்றது முதல் குளிர் அல்ல. இலையுதிர் காலத்தில் விதைத்த கோதுமை பனிப்போர்வைக்கு அடியில் கிடந்தால் பெரும்பாலும் தப்பிவிடும். ஜனவரிக் கடைசியை ஒட்டிப் பனி உருகியது, போர்வை போனது, ஈர மண்ணில் வெறும் பயிர் நின்றது. அப்புறம் மறுபடியும் உறையத் தொடங்கியது. வேர் அறுந்தது. வசந்தத்தில் வயலைப் பார்த்தவர்களுக்கு நிலைமை புரிந்துவிட்டது, தானியம் வைத்திருந்தவர்களுக்கும் புரிந்துவிட்டது. அறுவடைக்கு இன்னும் மாதங்கள் இருக்கும்போதே விலை ஏறியது. துணிந்தவர்கள் வயலை உழுதுபோட்டுப் பார்லி விதைத்தார்கள். அந்தப் பார்லி நன்றாக விளைந்து, ஏராளமானவர்களைக் காப்பாற்றியது.

விலைதான் அடுத்த கட்டம். ரொட்டிக்கே வருமானத்தின் பெரும்பகுதி போகும் குடும்பத்தில் ரொட்டி விலை இரண்டு மூன்று மடங்கானால், துணி வாங்குவது நிற்கும். துணி நெய்பவருக்கு வேலை போகும். வயல் வேலையும் இல்லை, பட்டறை வேலையும் இல்லை. கிராமத்திலிருந்து ஆட்கள் கிளம்பிச் சாலைகளிலும் நகர வாசல்களிலும் சேர்ந்தார்கள். தானம் கொடுக்கும் இடத்தில் கூட்டம், மருத்துவமனையில் ஒரே படுக்கையில் பலர். நோய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சீதபேதியும் டைபஸும் அப்படித்தான் ஊர்விட்டு ஊர் போயின. ஜனவரிக் குளிரிலேயே பலர் செத்தார்கள் என்பது உண்மை. ஆனால் சாவு அந்தக் கோடையையும் தாண்டி 1710 வரை நீண்டது. இரண்டு வருடத்தில் சுமார் ஆறு லட்சம் பேர் கூடுதலாக இறந்ததாகக் கணக்கு. அவர்களில் வெறும் பட்டினியால் செத்தவர்கள் குறைவு. பட்டினி தளர்த்திய உடம்பை, பட்டினி துரத்திய சாலையில், நோய் பிடித்தது. பிறப்பும் சரிந்தது. உடம்பு வற்றிய பெண்களுக்கு மாதவிலக்கே நின்றுபோகும். ஆக ஊரின் மக்கள்தொகையை இரண்டு பக்கமிருந்தும் அது தின்றது.

அதே குளிர் இங்கிலாந்தையும் அடித்தது. தானிய விலை ஏறியது. ஆனால் பிரான்ஸில் நடந்ததுபோல மக்கள் செத்து விழவில்லை. இந்த வித்தியாசத்தைப் பிறகு பார்ப்போம்.

பருவமழை நாடுகளில் இந்தத் தாமதம் இன்னும் கொடுமையான வடிவம் எடுத்தது. இந்தியாவில் 19-ஆம் நூற்றாண்டுப் பஞ்சங்கள் பலவற்றில் மாதவாரிச் சாவுக் கணக்கு கிடைக்கிறது. மழை பொய்த்த மாதங்களில் சாவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. தண்ணீர் வற்றிய இடங்களில் காலரா ஒரு அலையாக வருகிறது. ஆனால் பல பஞ்சங்களில் சாவு உச்சம் தொட்டது, அடுத்த வருடம் மழை பெய்த பிறகு. எல்லோரும் வானத்தைப் பார்த்துக் காத்திருந்த அந்த மழை வந்தது, குட்டைகள் நிரம்பின, கொசு பெருகியது, மலேரியா வந்தது. வறட்சியில் மாடுகளும் செத்துப்போனதால் கொசுவுக்குக் கடிக்க மனிதர்தான் மிச்சம் என்று சிலர் விளக்குகிறார்கள். ஒரு வருடமாக அரைவயிறு சாப்பிட்ட உடம்பால் அந்தக் காய்ச்சலைத் தாங்க முடியவில்லை. வயலில் பயிர் பச்சையாக நிற்கும்போதே அதை அறுக்க ஆளில்லாமல் போனது. 1908-இல் பஞ்சாபில் பெருமழைக்குப் பின் மலேரியா லட்சக்கணக்கானவர்களைக் கொன்றது. அதை ஆராய்ந்த கிறிஸ்டோஃபர்ஸ் என்ற மருத்துவர் 1911-இல் தந்த அறிக்கையில், மழை அளவை மட்டும் வைத்துச் சாவைக் கணிக்க முடியாது, அதற்கு முந்தைய தானிய விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று காட்டினார். தானியம் மலிவாக இருந்த வருடத்தில் அதே மழை அவ்வளவு பேரைக் கொல்லவில்லை.

சில சமயம் எந்த வழியில் சாவு வந்தது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. 1783 ஜூன் 8-ஆம் தேதி ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலைப் பிளவு வெடித்து, எட்டு மாதம் கந்தக வாயுவைக் கக்கியது. ஐஸ்லாந்தில் புல் நஞ்சானது, ஆடுகளில் சுமார் 80 சதவீதம் செத்தன, பிறகு மக்களில் ஐந்தில் ஒருவர் செத்தார்கள். அது நேர்வழி. ஆனால் இங்கிலாந்திலும் அந்தக் கோடையில் மங்கிய மூட்டம் சூழ்ந்தது; சூரிய ஒளி துரு நிறத்தில் விழுந்ததாக இயற்கை ஆய்வாளர் கில்பர்ட் வைட் எழுதியிருக்கிறார். அந்த ஜூலை அதுவரை பதிவான ஜூலைகளிலேயே சூடானது. அடுத்து வந்த குளிர்காலமோ கடுமையானது. 1783 ஆகஸ்ட், செப்டம்பரிலும் 1784 ஜனவரி, பிப்ரவரியிலும் இங்கிலாந்தில் மொத்தம் சுமார் 20,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். கந்தகக் காற்றா, வெயிலா, வெயிலோடு வந்த காய்ச்சலா, குளிரா? ஒவ்வொன்றுக்கும் வாதம் உண்டு. எல்லாம் ஒரே ஏட்டில் அடக்கத் தேதிகளாக மட்டும் கிடக்கின்றன.

இங்கே காலநிலை பற்றி ஒரு வார்த்தை. சுமாராக 14-இலிருந்து 19-ஆம் நூற்றாண்டுவரை நீடித்த குளிர்ந்த காலத்தைச் சிறு பனியுகம் என்கிறோம். சராசரியாகப் பார்த்தால் ஒரு டிகிரிக்கும் குறைவான மாற்றம். இவ்வளவு சின்ன மாற்றம் எப்படிக் கொல்லும் என்று கேட்கலாம். சராசரி யாரையும் கொல்லவில்லை. சராசரி கொஞ்சம் இறங்கும்போது கெட்ட வருடங்கள் அடிக்கடி வருகின்றன. அதைவிட முக்கியம், அடுத்தடுத்து வருகின்றன. விதைத் தானியக் கணக்கைப் பார்த்தோமே, அங்கே இரண்டாவது வருடம்தான் எமன். 1315 முதல் 1317 வரை வட ஐரோப்பாவில் மழை விடாமல் கொட்டிப் பயிர் அழுகியது. 1690-களில் குளிர்ந்த வருடங்கள் வரிசை கட்டி வந்தன. 1693-94-இல் பிரான்சில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1696-97-இல் பின்லாந்து தன் மக்களில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இழந்தது. ஒரு ஐரோப்பிய நாட்டுக்கு நேர்ந்த பஞ்ச அழிவுகளில் இதைவிடப் பெரியது அரிது. சுவீடனில் 1771, 1772 இரண்டு அறுவடையும் பொய்த்த பிறகு 1773-இல் சீதபேதி பரவி, இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 52-ஐத் தொட்டது. சாதாரண வருடத்தைப்போல அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இப்போது அந்த வித்தியாசத்துக்கு வருவோம். ஒரே வானத்தின் கீழ் ஒரு நாடு ஏன் செத்தது, பக்கத்து நாடு ஏன் பிழைத்தது?

1740-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலைப் பதிவில் அதுதான் எல்லா வருடங்களிலும் குளிரானது. வருடச் சராசரி 6.8 டிகிரி. 1739 டிசம்பர்க் கடைசியில் தொடங்கிய உறைபனி அயர்லாந்தில் ஏழு வாரம் நீடித்தது. அங்கே ஏழைகளின் குளிர்கால உணவு உருளைக்கிழங்கு. அதை வீட்டுக்குள் சேமிக்கும் வழக்கம் இல்லை. மேலாக மண்போட்டு மூடி வயலிலேயே விட்டிருந்தார்கள். ஒரே வாரத்தில் அது உறைந்து, பனி விட்டதும் அழுகியது. சாப்பாடும் போனது, விதைக்கிழங்கும் போனது. வசந்தத்தில் மழை இல்லை, மேய்ச்சல் காய்ந்தது, மாடும் ஆடும் செத்தன. தானியமும் சரியாக விளையவில்லை. 1741-இல் சீதபேதியும் டைபஸும் நாடு முழுக்கப் பரவின. சுமார் 24 லட்சம் பேர் இருந்த நாட்டில் மூன்று லட்சத்துக்கும் மேல் இறந்தார்கள். நான்கு லட்சத்தைத் தாண்டும் மதிப்பீடுகளும் உண்டு. ஐரிஷ் மக்கள் அந்த வருடத்தைப் படுகொலை ஆண்டு என்றே அழைத்தார்கள்.

இங்கிலாந்திலும் 1740-களின் தொடக்கத்தில் சாவு கூடியது, ஆனால் அந்தப் பேரழிவு இல்லை. அங்கே 1601-இலிருந்து ஏழைகள் சட்டம் இருந்தது. ஒவ்வொரு ஊரும் தன் ஏழைகளுக்கு வரி வசூலித்துச் சோறு போட வேண்டும். எவ்வளவு கஞ்சத்தனமாக நடத்தினாலும், ஆட்கள் ஊரைவிட்டு அலையாமல் இருக்க அது உதவியது. அலையாதவரை நோயும் அவ்வளவு வேகமாகப் பரவவில்லை. கோதுமை போனால் பார்லி, ஓட்ஸ் என்று பயிரும் பலவகை. அயர்லாந்தில் அப்போது அப்படி ஒரு சட்டமே கிடையாது. ஜெர்மன் அரசான பிரஷ்யாவில் 1740 மே கடைசியில் பட்டத்துக்கு வந்த இரண்டாம் பிரெடரிக் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, படைக்காகச் சேர்த்துவைத்த அரசுக் களஞ்சியங்களைத் திறந்து தானியத்தை மலிவாக விற்றது. 1740-களின் ஐரோப்பிய இறப்புகளை நாடுவாரியாக ஒப்பிட்ட ஜான் போஸ்ட், விலை எவ்வளவு ஏறியது என்பதைவிட நிர்வாகம் எப்படி நடந்துகொண்டது என்பதே சாவின் அளவைத் தீர்மானித்தது என்று முடிவுசெய்தார். அவர் சொன்னது சரி என்றே படுகிறது.

ஜப்பானில் இது இன்னும் கிட்டத்தில் தெரியும். வடகிழக்கில் கோடைகாலத்தில் கடலிலிருந்து யாமசே என்ற குளிர்காற்று வீசும். நெல் கதிர் வெளிவருவதற்கு முன், உள்ளே மகரந்தம் உருவாகும் அந்தச் சில நாட்களில் குளிர் தாக்கினால் மகரந்தம் மலடாகிவிடும். பயிர் பார்க்கப் பச்சையாகத்தான் நிற்கும். கதிரைக் கையில் எடுத்தால் அத்தனையும் பதர். 1783-இல் அதுதான் நடந்தது. ஹிரோசாகி என்ற சிற்றரசில் 80,000 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த அரசு கடனை அடைப்பதற்காக, கையிருப்பு அரிசியை முன்கூட்டியே வெளியூர்ச் சந்தைகளுக்கு அனுப்பியிருந்தது. அதே வடகிழக்கில் ஷிராகாவா என்ற சிற்றரசை ஆண்ட மட்சுதைரா சதனோபு, வெளியிலிருந்து அரிசியை வாங்கிக் கொண்டுவந்து பங்கிட்டார். அங்கே பட்டினிச் சாவே இல்லை என்று சொல்லப்படுகிறது. பிறகு 1787-இல் ஷோகுனின், அதாவது ஜப்பானை ஆண்ட படைத்தலைவரின், தலைமை அமைச்சர் பொறுப்புக்கு வந்தபோது, எல்லாச் சிற்றரசுகளும் தானியம் சேமித்துவைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.

எதிர்ப்பக்க உதாரணம் வங்காளம். 1769-இல் மழை பொய்த்தது. 1770-இல் மக்கள் கூட்டங்கூட்டமாக மாண்டார்கள். மூன்றில் ஒரு பங்கு போனது என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸே 1772-இல் எழுதினார். அதே கடிதத்தில், 1771-இல் வசூலான வரி 1768-இல் வசூலானதைவிட அதிகம் என்றும் எழுதினார். இரண்டு செய்தியும் ஒரே தாளில். இறந்தவர்களின் வரியையும் பிழைத்தவர்களிடம் பிடுங்கியதால்தான் அது முடிந்தது. இதற்குப் பிறகும் அந்தப் பஞ்சத்தை வறட்சியின் கணக்கில் மட்டும் எழுதுவது, செத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

வானிலைக்கும் சாவுக்கும் இருந்த இந்தக் கட்டு ஒரே நாளில் அறுந்துவிடவில்லை. ஒவ்வொரு இழையாக அறுந்தது. இங்கிலாந்தில் தானிய விலைக்கும் இறப்புக்குமான தொடர்பு 18-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தேய்ந்துவிட்டது. பின்லாந்தில் அது இன்னும் நூறு வருடம் இழுத்தது. 1867-இல் வசந்தமே வரவில்லை. ஜூன் மாதத்திலும் ஏரிகளில் பனிக்கட்டி மிதந்தது, செப்டம்பர் தொடக்கத்தில் உறைபனி வந்து மிச்சப் பயிரையும் முடித்தது. 1868-இல் ஆயிரத்துக்கு 77 பேர் இறந்தார்கள். அதற்கு முன்பே ரயிலும் நீராவிக் கப்பலும் வந்துவிட்டன; தானியத்தை வாங்கப் பணமும், துறைமுகம் உறைவதற்குள் ஆர்டர் போடும் முடிவும்தான் வரவில்லை.

கோடை வெயிலின் இழை எல்லாவற்றையும்விடக் கடைசிவரை தாங்கியது. விலையும் பஞ்சமும் போன பிறகும், தொழில் நகரங்களின் நெரிசலில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு கோடைதோறும் திரும்பத் திரும்ப வந்தது. குதிரைச் சாணம், ஈ, திறந்துவைத்த பால், கழுவாத புட்டி. 1911 கோடை இங்கிலாந்தில் கடுமையாகக் கொளுத்தியது. முந்தைய வருடம் ஆயிரத்துக்கு 105-ஆக இருந்த சிசு மரணம் அந்த வருடம் 130-ஆக ஏறியது. அடுத்த வருடம் கோடை குளிர்ந்தது. எண் 95-க்கு இறங்கியது. பழைய பதிவேடுகளில் லீ பார்த்த அதே இயக்கம் 20-ஆம் நூற்றாண்டிலும் உயிரோடு இருந்தது. 1921-இலும் கோடை சூடு, மழையே இல்லை. அதற்குள் குழாய்த் தண்ணீர், கழிவுநீர்க் குழாய், உலர்ந்த பால், வீடு தேடி வந்த சுகாதாரப் பார்வையாளர் எல்லாம் வந்துவிட்டன. தெருக்களில் குதிரைகளின் இடத்தைக் கார் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த வருடம் சிசு மரணம் 80-இலிருந்து 83-க்கு மட்டும் ஏறியது.